வெட்டி வந்த தகடு, நாங்கள் பற்றவைத்த பம்பர்: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

மேடு ஏறும்போதெல்லாம் என் வண்டியின் பிளாஸ்டிக் பம்பரில் இடது மூலைதான் முதலில் மண்ணைத் தொடும். மூன்று தடவை கிளிப் மாற்றினேன். நாலாவது தடவை மூலையே பிய்ந்து தொங்கியது. இனி இரும்புதான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். வண்டி டபுள் கேபின் பிக்கப், பதினொரு வருஷப் பழசு, மாதத்தில் பாதி நாள் தார் ரோட்டை விட்டு இறங்கி ஓடுவது.

முழு பம்பராகவே செய்து விற்கிறார்கள். தகடுகளை லேசரில் வெட்டி, வளைத்து, பற்றவைப்பதை மட்டும் நம்மிடம் விட்டுவிடுகிற கிட்டும் கிடைக்கிறது. நான் கிட் வாங்கினேன். மூலையை என் டயருக்கு ஏற்றபடி உயர்த்தி வெட்டிக்கொள்ளலாம் என்பதுதான் காரணம். மொத்தம் 19 துண்டு. முகத்தகடு 5 மி.மீ., வின்ச் (புதைந்த வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் மோட்டார்) உட்காரும் தட்டு 6 மி.மீ., சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், மாட்டும் பக்கத்தகடுகள் 10 மி.மீ. போல்ட் நட் எதுவும் வராது.

வெட்டின சுத்தத்துக்கு முழு மார்க் கொடுப்பேன். நாக்கும் பள்ளமுமாக வெட்டியிருக்கிறார்கள். மேஜையில் வைத்து மரச்சுத்தியால் இரண்டு தட்டு தட்டினதும் பாதி பம்பர் தானாகவே நின்றது. மூலைமட்டம் வைத்துப் பார்த்தோம், வளைவுகள் சரியாக இருந்தன. வின்ச் துளைகளும் வழக்கமான 254க்கு 114 மி.மீ. அளவில் இருந்ததால் அதே துளை அளவுள்ள எந்த வின்சும் உட்காரும்.

கூட நின்று வேலை பார்த்தவர் பட்டறை வைத்திருக்கும் ஒரு மூத்த நண்பர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். தகட்டைப் பார்த்ததும் அவர் முதலில் எடுத்தது கிரைண்டரை. சூடாக உருட்டின தகட்டின் மேல் நீலச்சாம்பல் நிறத்தில் ஒரு தோல் இருக்கும். அதன் மேலேயே பற்றவைத்தால் வெல்டு பிடித்த மாதிரி தெரியும், ஆனால் உள்ளே இறங்காது. ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு அங்குல அகலத்துக்கு வெள்ளை இரும்பு தெரிகிறவரை கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடிப்புகள் ஒட்டின வட்டு) போட்டுத் தேய்த்தோம். அதற்கே அரைநாள் போனது. கிட்டோடு வந்த குறிப்புத்தாளில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

அடுத்து டாக். சின்னச் சின்னப் புள்ளியாக எல்லாத் துண்டையும் பிடித்துக்கொண்டு, வண்டியில் மாட்டிப் பார்த்து, சரி என்றால்தான் முழு வெல்டு. வண்டியில் வைத்து டாக் அடிக்கும்போது பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே போட்டோம். இல்லாவிட்டால் கரண்ட் சுற்றி வரும் வழியில் எலக்ட்ரானிக்ஸ் போய்விடலாம்.

மாட்டிப் பார்த்தபோது இடதுபக்கத் துளை 5 மி.மீ. தள்ளி நின்றது. கிட்டின் தப்பு என்றுதான் நினைத்தேன். அண்ணன் டேப்பை எடுத்து சேஸிஸை மூலைக்கு மூலை குறுக்காக அளந்தார். சேஸிஸின் இடதுமுனைதான் உள்பக்கம் லேசாக மடங்கியிருந்தது, என்றைக்கோ வாங்கின அடி. ஆக அது கிட்டின் தப்பில்லை. ஆனாலும் துளைகளை வட்டமாக வெட்டாமல் நீள்வட்டமாக வெட்டியிருக்கலாம். பழைய வண்டி எதுவும் கம்பெனி அளவில் அப்படியே இருக்காது.

முழு வெல்டு அடிக்கும்போது நான் ஒரு அவசரம் பண்ணினேன். முகத்தகட்டின் மேல்விளிம்பில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக 30 செ.மீ. இழுத்துவிட்டேன். வெல்டு பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆறின பிறகு நேர்ப்பட்டையை வைத்தால் நடுவில் 4 மி.மீ. குழி. உருகின இரும்பு ஆறும்போது சுருங்கித் தகட்டையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கட்டிங் வீல் போட்டு அந்த வெல்டை அறுத்து மறுபடி பிடிக்க வேண்டியிருந்தது. அப்புறம் அண்ணன் சொன்ன வரிசைதான்: இடதுமுனையில் ஒரு அங்குலம், வலதுமுனையில் ஒரு அங்குலம், பின்னால் ஒன்று, கீழே ஒன்று, கை வைத்துத் தொட முடிகிற சூட்டுக்கு வந்த பிறகு மறுபடி முதல் இடம். இரண்டு நாள் ஆனது. இப்போது நேர்ப்பட்டை வைத்தால் காகிதம் நுழையாது.

இனி என் பெரிய குறை. இழுவைக் கயிற்றைக் கோக்கும் U வடிவ இரும்பு வளையமான ஷேக்கிளை மாட்டும் காதுகள் 12 மி.மீ. தகட்டில் வந்திருந்தன. அவற்றை முகத்தகட்டின் வெளியே ஒட்டிப் பற்றவைக்கும்படி குறிப்புத்தாளில் போட்டிருந்தது. அண்ணன் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல மாட்டி இழுத்தா வண்டி வராது, முகத்தகடுதான் கிழிஞ்சு வரும்" என்றார். நூற்றுக்கு நூறு உண்மை. சேற்றில் அச்சு வரை புதைந்த வண்டியை இழுக்க அதன் எடையை விடவும் அதிக விசை தேவைப்படலாம். அந்த விசை முழுக்க 5 மி.மீ. முகத்தகட்டின் மேல் விழக்கூடாது, நேராக சேஸிஸுக்குப் போக வேண்டும். பிய்ந்து பறக்கிற இரும்புத்துண்டு ஆளையே கொன்றுவிடும்.

கிட் காதுகளை ஓரம் கட்டினோம். 20 மி.மீ. தகட்டில் புதிதாக இரண்டு வெட்டினோம். முகத்தகட்டில் பள்ளம் வெட்டி, காதை உள்ளே நுழைத்து, பின்னால் 10 மி.மீ. பக்கத்தகட்டோடு 15 செ.மீ. நீளத்துக்கு இரண்டு பக்கமும் பற்றவைத்தோம். முகத்தகட்டிலும் முன்னும் பின்னும் சுற்றி வெல்டு. துளை 25 மி.மீ. முக்கால் அங்குல ஷேக்கிளின் பின் 22 மி.மீ. தடிமன், அளவாகப் போகிறது. அதன் வாய் சுமார் 32 மி.மீ. அகலம் என்பதால் 12 மி.மீ. காதில் மாட்டினால் இங்குமங்கும் ஆடி ஒருபக்கமாகச் சாயும். இந்த ஒரு விஷயத்துக்காகவே கிட்டுக்கு ஐந்தில் இரண்டு மார்க் குறைக்கிறேன். பம்பர் வாங்கப் போகிறவர்கள் முன்னால் நின்று அழகு பார்ப்பதற்கு முன் கீழே படுத்துப் பின்பக்கத்தைப் பார்க்கவும்.

குறிப்புத்தாளில் விட்டுப்போன இன்னொன்று ஏர்பேக் சென்சார். என் வண்டியில் இரண்டு சென்சார் முன் சட்டத்தில் இருக்கின்றன. அவற்றை இடம் மாற்றவோ சட்டத்தை வெட்டவோ கூடாது, நான் தொடவே இல்லை. மேலே வளைந்து நிற்கும் குழாயையும் போடவில்லை. நடந்து போகிறவர் மீது தெரியாமல் தட்டிவிட்டால் இடுப்பு உயரத்தில் இரும்புக்குழாய் என்னென்ன செய்யும் என்று யோசித்தேன், மனசு வரவில்லை. இரும்பு பம்பருக்குத் தடை உள்ள இடங்களும் உண்டு. காசு கட்டுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

பாடிக்கும் பம்பருக்கும் நடுவே 8 மி.மீ. இடைவெளி போதும் என்று வரைபடம் சொன்னது, நாங்கள் 20 விட்டோம். பம்பர் சேஸிஸில் மாட்டுகிறது, கேபின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. கரடுமுரடில் இரண்டும் தனித்தனியே ஆடும். நெருக்கி வைத்தவர்களின் ஃபெண்டரில் பெயின்ட் உரிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எடை: 5 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டருக்கே 39 கிலோ. பம்பர் முடிந்தபோது 52 கிலோ, சிந்தெடிக் கயிறு போட்ட வின்ச் 29 கிலோ, கழற்றினது 14 கிலோதான். அத்தனையும் முன் அச்சுக்கும் முன்னால் தொங்குவதால் மூக்கு 15 மி.மீ. இறங்கியது. ஸ்பிரிங் மாற்றினேன், ஹெட்லைட்டை மறுபடி செட் செய்தேன். பம்பரோடு ஸ்பிரிங்குக்கும் சேர்த்தே பணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வின்ச் 12,000 பவுண்ட், அதாவது 5,443 கிலோ. லோடோடு வண்டி 3 டன், அதன் ஒன்றரை மடங்கு என்ற கணக்குக்குத் தாராளம். அந்த அளவு இழுவை, கயிறு சுற்றும் டிரம்மில் அடி அடுக்குக் கயிறு மட்டும் இருக்கும்போதுதான். மேலே சுற்றச் சுற்றக் குறையும்.

பவுடர் கோட்டிங் போகாமல் சிங்க் பிரைமரும் சாதா கறுப்பும்தான் அடித்தேன். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் நானே பூசிவிடலாம். மூடின பெட்டி மாதிரியான மூலைகளில் தண்ணீர் வெளியேற கிட்டில் வழியே இல்லை. நாலு இடத்தில் 10 மி.மீ. துளை போட்டேன். அப்படியும் இடம்விட்டு பற்றவைத்த ஒரு இணைப்பில் ஆறாம் மாதம் துருக்கோடு தெரிந்தது. தேய்த்து, சீலர் பூசினேன்.

போன மாதம் ஆற்றுமணலில் லோடோடு புதைந்த ஒரு வண்டியை இடது காதிலிருந்துதான் இழுத்தேன், ரிவர்ஸில், மூன்று முயற்சி. வீட்டுக்கு வந்ததும் டார்ச்சோடு அடியில் படுத்தேன். இரும்பு அசைந்திருந்தால் வெல்டு ஓரத்தில் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருக்கும். எங்கும் வெடிப்பில்லை. 12 மி.மீ., 10.9 தர போல்ட்களில் எட்டிலும் மஞ்சள் பெயின்டால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஏழு கோடு நேராக இருந்தன. இடதுபக்கக் கீழ் நட்டு மட்டும் கொஞ்சம் நகர்ந்திருந்தது. 110 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கிவிட்டுப் புதுக் கோடு போட்டேன்.