கை பிரிக்ஸ் மானி: முற்றலைச் சொல்லும், துட்டைச் சொல்லாது

தென்னாப்பிரிக்காவில் ஸ்டேங்கர், டொங்காட் பக்கம் கரும்பு போட்டிருப்பவர்களுக்கு, அது முற்றிவிட்டதா என்று பார்க்க 0 முதல் 32 வரை காட்டும் கை ரிஃப்ராக்டோமீட்டர் (பிரிக்ஸ் மானி) போதும். பேட்டரி கிடையாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோடு காட்டுவதுதான் பிரிக்ஸ், அதாவது சாற்றில் கரைந்திருப்பது நூற்றுக்கு எத்தனை பங்கு என்ற கணக்கு. வெப்ப வித்தியாசத்தைத் தானே சரிசெய்யும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாத கருவி 30 டிகிரி வெயிலில் 20 பிரிக்ஸ் சாற்றைச் சுமார் 19.2 என்று காட்டும்.

முதலில் கருவியின் கண்ணாடி மேல் காய்ச்சி வடித்த நீர் இரண்டு சொட்டு விட்டு, திருகைத் திருப்பிக் கோட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு ஓரத்து வரிசைகளை விட்டு உள்ளே போய் 15, 20 கரும்பு எடுங்கள். ஒவ்வொன்றிலும் அடியில் ஒரு கணுவிடை, நுனிப் பக்கம் ஒரு கணுவிடை என்று சாறெடுத்து அளந்து பாருங்கள். எல்டானா என்ற தண்டுப் புழு துளைத்துச் சிவந்த கணுவிடையைத் தொடவே வேண்டாம், கணக்கே கெட்டுவிடும். நுனி அளவை அடி அளவால் வகுத்தால் 1-க்குப் பக்கத்தில் வரவேண்டும். அடி 20, நுனி 14 என்றால் 0.7, அந்தக் கரும்பு இன்னும் நிற்கட்டும். அடியை மட்டும் பார்த்துவிட்டு வெட்ட ஆளை இறக்குவதுதான் வழக்கமான தப்பு. நல்ல மழைக்கு மறுநாள் அளந்தாலும் பயனில்லை.

ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடையுங்கள். காய்ந்த சாறு அடுத்த அளவை ஏற்றிவிடும். குழாயடியில் பிடித்துக் கழுவினால் உள்ளே தண்ணீர் இறங்கும், அப்புறம் கோடு மங்கல்தான்.

ரகங்களை ஒப்பிட மட்டும் இதை நம்பாதீர்கள். சாற்றில் கரைந்திருப்பது எல்லாமே பிரிக்ஸ். ஆலை பணம் தருவதோ ஆர்.வி. (மீட்கக்கூடிய மதிப்பு) கணக்கில். சுக்ரோஸ் என்ற சர்க்கரையிலிருந்து, சுக்ரோஸ் அல்லாத கரைபொருளுக்கும் நாருக்கும் கழித்த மீதி அது. நார் எவ்வளவு என்று இந்தக் கருவிக்கு எப்படித் தெரியும்? மரபணு மாற்றிய கரும்பில் இந்த வம்பு இன்னும் பெரிது. குவீன்ஸ்லாந்து ஆய்வாளர்கள் பாக்டீரியா மரபணு ஒன்றைப் புகுத்தி, ஐசோமால்டுலோஸ் என்ற வேறொரு சர்க்கரையும் சேரும் கரும்பைக் கண்ணாடி வீட்டில் வளர்த்து, மொத்தச் சர்க்கரை இருமடங்கு வரை ஏறியதாக 2007-இல் எழுதினார்கள். அந்தச் சாற்றை இதில் விட்டால் இரண்டு சர்க்கரையையும் ஒன்றாகவே எண்ணும்.

நம் வயலில் நிற்பவை மவுண்ட் எட்ஜ்கோம்ப் கரும்பு ஆய்வு நிலையத்தின் சாதாரண கலப்பின ரகங்கள். (பழைய ரகமான என்.கோ. 376-இன் பெயரில் உள்ள ‘கோ’ நம் கோயம்புத்தூர்தான்.) அவற்றில் எது கூடுதல் காசு தரும் என்று பார்க்க, கரும்பையே கட்டி ஆய்வகத்துக்கு அனுப்பி, ‘போல்’ (pol, சுக்ரோஸ் அளவைக் காட்டும் எண்), நார் இரண்டையும் கேளுங்கள்.