கன்சோலிலும் டெர்மினலிலும் ஒரே விசைப்பலகை: மூன்று வருட அனுபவம்

என் பழைய மடிக்கணினியில் ஓடுவது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம். பாதி வேலை எக்ஸ்எஃப்சிஇ டெர்மினலில் (வரைகலைத் திரையில் கட்டளை தட்டும் சாளரம்), மீதி கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்தினால் வரும் கருப்புத் திரையில், அதாவது கன்சோலில். விசைப்பலகை ஒன்றுதான், ஆனாலும் அங்கே போனதும் பழகிய கை தடுமாறும்.

முதலில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். தட்டும் கட்டளைகளை இயக்கும் பாஷ் நிரலின் அமைப்புக் கோப்பில், இது எந்த வகை டெர்மினல் என்று நிரல்களுக்குச் சொல்லும் 'டெர்ம்' மாறியை எப்போதும் எக்ஸ்டெர்ம் (வரைகலைத் திரையில் ஓடும் ஒரு டெர்மினல்) என்றே எழுதிவைத்தேன். பெயரை மாற்றினால் கன்சோல் அனுப்பும் பைட்டுகள் மாறிவிடுமா என்ன? எஃப்1 முதல் எஃப்5 வரை சில நிரல்களில் வேலை செய்யாமல் போனது. லினக்ஸ் கன்சோல் அந்த ஐந்துக்கும் எஸ்கேப் குறிக்குப் பின் இரண்டு சதுர அடைப்புக்குறி போட்டு அனுப்பும், எக்ஸ்டெர்ம் அப்படி அனுப்பாது. அந்த வரியை அன்றே அழித்தேன்.

அப்புறம்தான் 'ஷோகீ -ஏ' கட்டளை பழக்கமானது. விசையை அழுத்தினால் போகும் பைட்டை அப்படியே காட்டிவிடும். பேக்ஸ்பேஸ் இரண்டு இடத்திலும் 127, அதில் சண்டையே இல்லை. ஹோம் விசைக்குக் கன்சோலில் ^[[1~ (^[ என்பது எஸ்கேப்), டெர்மினலில் வேறு. ஆனால் டெர்ம் சரியாக இருந்தால், எந்த டெர்மினல் எதை அனுப்பும் என்று குறித்துவைத்திருக்கும் டெர்மின்ஃபோ தரவுத்தளம் பார்த்துக்கொள்ளும், நாம் கை வைக்க வேண்டாம். உண்மையான குறை கன்ட்ரோல்+இடது அம்புதான். கன்சோலில் அது வெறும் இடது அம்பு அனுப்புவதையே அனுப்புகிறது. ஒரு சொல் தாண்ட நினைத்தால் ஓர் எழுத்துதான் நகரும்.

அதற்கு நாலு வரியில் ஒரு விசைவரைபடம் (எந்த விசை எதை அனுப்ப வேண்டும் என்ற பட்டியல்) எழுதினேன். விசை எண் 105, 106 (இடது, வலது அம்புகள்) இரண்டும் கன்ட்ரோலோடு சேர்ந்தால் எக்ஸ்டெர்ம் அனுப்பும் அதே சரத்தை அனுப்பும். 'லோட்கீஸ்' கட்டளை மூலம் ஏற்றியதும் பாஷில் சொல் சொல்லாக நகர்ந்தது. கன்சோல் அமைப்புகளை மறுபடி போடும் 'செட்டப்கான்' ஓடினால் பழையபடி ஆகிவிடும், மறுபடி ஏற்ற வேண்டும். இதில் எனக்கு இன்றும் எரிச்சல்தான்.

கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாக்கியது மட்டும் சுலபம். எட்சி/டிஃபால்ட்/கீபோர்டு கோப்பில் ஒரே ஒரு எக்ஸ்கேபி (விசைப்பலகை அமைப்பு முறை) விருப்பம், கன்சோலும் வரைகலைத் திரையை நடத்தும் எக்ஸும் அதையே படிக்கின்றன. மூன்று வருடத்தில் ஒருமுறைகூடத் தொந்தரவு தந்ததில்லை.

ஆல்ட்+இடது அம்பை அப்படியே விட்டுவிட்டேன். கன்சோலில் அதை அழுத்தினால் பக்கத்துக் கன்சோலுக்குத் தாவிவிடும், போன வாரமும் தாவினேன்.