அவசர அட்டை: திருகோணமலை வெயிலுக்கு எது தாங்கும், பொலிஸாருக்கு எது பயன்படும்?

ஓட்டிசம் உள்ள பிள்ளைகள், காது கேளாதோர், வலிப்பு நோயாளர், மறதி நோயுள்ள முதியோர் ஆகியோரின் நிலையைப் பொலிஸாரும் உதவிக்கு வருபவர்களும் உடனே அறிய, அவர்கள் கழுத்தில் அணிவதற்காக அச்சுக் கடைகளில் அடித்துத் தரும் அட்டை பற்றிய மதிப்பீடு இது. அட்டை நல்லதுதான். கடையில் ஆயத்தமாக இருக்கும் வாசகம்தான் போதாது.

பெயர், முகவரி, இரத்த வகை: பாடசாலை அட்டையின் அச்சு அப்படியே வருகிறது. இரத்த வகையை வைத்து வீதியில் நிற்கும் பொலிஸ்காரர் எதுவும் செய்ய முடியாது. வைத்தியசாலையும் சோதித்துப் பார்க்காமல் இரத்தம் ஏற்றாது. அட்டையில் அந்த இடத்தில், பொலிஸ்காரர் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதச் சொல்லுங்கள். ஓட்டிசம் என்றால்: "பேசாமல் இருக்கலாம். சத்தம் போடாதீர்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒருவர் மட்டும் பேசுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள்." வலிப்பு என்றால்: "வலிப்பு நின்ற பிறகும் சிறிது நேரம் குழப்பத்தில் இருப்பார். அழுத்திப் பிடிக்காதீர்கள், பக்கவாட்டில் படுக்க வையுங்கள்." நீரிழிவுக்காரருக்குச் சீனி இறங்கினால் வியர்த்து, தள்ளாடி, நாக்குக் குழறும், பார்ப்பவருக்குக் குடிபோதை போலத் தெரியும். ஆகவே "போதை அல்ல, 1990 அம்புலன்ஸை அழையுங்கள்" என்ற வரி முதலில் வரட்டும்.

சிங்களம் மேலே, தமிழ் கீழே. ரோந்தில் வருபவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று நம்பி இருக்க முடியாது. சிங்கள வரிகளைச் சிங்களம் தாய்மொழியான ஒருவரிடம் காட்டிய பிறகே அச்சுக்குக் கொடுங்கள். எழுத்தின் அளவு 14 பொயின்ற்றுக்குக் குறைந்தால் டோர்ச் வெளிச்சத்தில் வாசிப்பது கடினம். கியூஆர் குறியீட்டை மட்டும் நம்ப வேண்டாம். பதற்றமான நேரத்தில் யாரும் போனை எடுத்து ஸ்கேன் பண்ணப் போவதில்லை.

லெமினேட் அட்டை மலிவு, ஆனால் இந்த ஊரின் வியர்வைக்கும் உப்புக் காற்றுக்கும் ஓரம் பிரிந்துவிடும். காரணம் பெரும்பாலும் துளைதான்: காகிதத்தின் மேலேயே துளை போட்டால் அதன் வழியே ஈரம் இறங்கி மை பரவும். சுற்றிவர 3 மில்லிமீற்றர் வெறும் பிளாஸ்டிக் விட்டு வெட்டச் சொல்லுங்கள். துளை போடும் மேல் ஓரத்தில் இன்னும் அகலமாக விட்டு, காகிதத்தில் படாமல் துளையுங்கள். அடையாள அட்டை அளவு பிவிசி அட்டைக்கு இந்தச் சிக்கல் இல்லை. விலை கூடினாலும் எங்கள் தெரிவு அதுதான்.

நாடா, இழுத்தால் கழன்றுவிடும் கிளிப் உள்ளதாக இருக்க வேண்டும். முடிச்சுப் போட்ட நாடா கழுத்தை இறுக்கும். கழுத்தில் எதையும் தாங்காத பிள்ளைக்குச் சப்பாத்து வாரிலோ பையின் வெளிப்புறத்திலோ மாட்டலாம். காற்சட்டைப் பைக்குள் மட்டும் வைக்காதீர்கள். காது கேளாத ஒருவர் "நில்" என்ற கட்டளை கேட்காமல், அட்டையை எடுக்கப் பைக்குள் கை விட்டால், ஆயுதம் எடுக்கிறார் என்று பொலிஸார் நினைக்கக்கூடும். அட்டை வெளியே தெரிந்தால் கை அசைய வேண்டியதே இல்லை.

வீட்டு முகவரி வேண்டாம், அந்நியர் கையிலும் அது கிடைக்கும். இரண்டு தொலைபேசி எண்கள் போதும், ஒன்று எப்போதும் எடுக்கப்படுவதாக இருக்கட்டும். மருந்துப் பெயர்களும் வேண்டாம், அவை மாறும்.

பிள்ளை காணாமல் போய் பொலிஸின் 119ஐ அழைத்தால், அட்டையில் உள்ள அதே வரிகளை அப்படியே வாசியுங்கள். கூடவே, தண்ணீரை நோக்கிப் போகும் பழக்கம் இருந்தால் அதைத்தான் முதலில் சொல்லுங்கள்: டச் பே கடற்கரையும் உட்துறைமுகப் பக்கமும் வீதிகளுக்கு முன்பே தேடப்பட வேண்டும்.