ஊட்டி நீராவி ரயில் ‘பேக்கேஜ்’ல 14,400 ரூபாய் போச்சு. பாத்துக்கோங்க

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கத்துக்காரங்க பணம் கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க. ‘குடும்பத்தோட நீராவி ரயில்’னு வாட்ஸ்அப்ல வந்த டிராவல்ஸ் விளம்பரம். ஆறு பேர், தலைக்கு 2,400. மொத்தம் 14,400.

நம்ப வெச்சது ஒரே ஒரு டிக்கெட் போட்டோ. மேட்டுப்பாளையம் டு உதகமண்டலம், காலை 7.10, பேரு, வயசு எல்லாம் சரி. பி.என்.ஆர். எண்ல (டிக்கெட்டோட பத்து இலக்க நம்பர்) கடைசி நாலு இலக்கத்து மேல மட்டும் கட்டை விரல். ‘நம்பர் வெளிய போனா எவனாவது கேன்சல் பண்ணிருவான் அண்ணா’ன்னார் டிராவல்ஸ்காரர். பொய். பி.என்.ஆரை மட்டும் வெச்சுட்டு எவனும் கேன்சல் பண்ண முடியாது, புக் பண்ணின ஆன்லைன் கணக்கோட ஐ.டி. வேணும். அந்த விரலுக்குக் கீழ, சீட் உறுதியா இல்லையான்னு காட்டற ஸ்டேட்டஸ் வரியும் வெட்டியிருந்துச்சு.

முழு நம்பர் வந்தது முந்தின நாள் ராத்திரி. ஆறும் வெயிட்டிங் லிஸ்ட்! சார்ட் (கடைசிப் பயணிகள் பட்டியல்) போட்டப்புறமும் ஒரு சீட்கூட கிடைக்காத இ-டிக்கெட் தானாவே கேன்சல் ஆயிரும், அதை வெச்சு வண்டி ஏற முடியாது. பணம் எந்தக் கணக்குல இருந்து போச்சோ அங்கயே திரும்பும். அதாவது அவருக்கே.

‘குன்னூர்ல ஏறிக்கோங்க, அதே ரயில்தான்’னு அடுத்த சமாதானம். பெட்டி அதேதான், எஞ்சின் வேற. நீராவி எஞ்சின் மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும்தான். கல்லாறு தாண்டினா பன்னிரண்டரை அடிக்கு ஒரு அடி ஏத்தம். தண்டவாளத்துக்கு நடுவுல இருக்கற பல் சட்டத்தை எஞ்சினோட பல்சக்கரம் கவ்வி, பின்னால இருந்து பெட்டிகளைத் தள்ளிட்டு ஏறும். புகை, தண்ணி பிடிக்க நிக்கறது, காட்டு வளைவு எல்லாம் அந்தப் பாதியிலதான். குன்னூருக்கு மேல பல் சட்டமே இல்லை, டீசல் எஞ்சின்தான். குன்னூர்ல ஏறின குழந்தைங்க ‘புகை எங்க?’ன்னு கேட்டுட்டே ஊட்டி வந்து சேர்ந்தாங்க.

ஞாயித்துக்கிழமை ‘சிஸ்டம் டவுன்’. திங்கக்கிழமை ‘மூணு நாள்ல ரீஃபண்ட்’. செவ்வாய்க்கிழமை ‘நீங்கதான் ரயில்ல போயிட்டு வந்துட்டீங்களே, எதுக்கு ரீஃபண்ட்?’ இன்னைக்குப் போனை எடுத்த பொண்ணு ‘ஸார் புறத்துப் போயி’ன்னு (வெளிய போயிட்டாராம்) வெச்சிருச்சு. 14,400 ரூபாய்ங்க.

விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குது. பத்து இலக்கமும் தராம காசு கொடுக்காதீங்க. ரயில்வே விசாரணை எண் 139-க்குப் போட்டு நீங்களே ஸ்டேட்டஸ் பாருங்க. ‘கன்ஃபர்ம்’னு வரணும், ஏறுற இடம் மேட்டுப்பாளையமா இருக்கணும். முன்பதிவு 60 நாள் முன்னாடியே திறந்துரும், லீவுக்கு ஒரு வாரம் இருக்கறப்ப ஆறு சீட் உறுதின்னா சந்தேகப்படுங்க. உங்க பேர்லயே ஐ.டி. போட்டு எடுத்துக்கோங்க. ஏமாந்துட்டா உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930.

அந்தாளு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல இப்பவும் அதே விளம்பரம் ஓடுது: ‘நாலே சீட் பாக்கி’.