தனி வகுப்பா, உடனிருந்து உதவியா?

வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரத்தில் வீட்டில் தமிழோ உருதோ தெலுங்கோ பேசிவிட்டு, ஆங்கில வழிப் பிரிவில் அமரும் பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்கான மொழி உதவிக்குப் பொறுப்பேற்கும் ஆசிரியர், பிள்ளைகளைத் தனி அறைக்கு அழைத்துச் சென்று கற்பிக்கலாம். அல்லது பாட வகுப்பிலேயே உடனிருந்து உதவலாம்.

தனி வகுப்பில் கூச்சம் குறையும். எழுத்துக்கூட்டிப் படிக்கவே தெரியாத பிள்ளைக்கு அது தகும். ஆனால் அந்நேரத்தில் நடக்கும் அறிவியல் பாடம் கைநழுவும். 'மக்கு வகுப்பு' என்ற பட்டப்பெயரும் (சக பிள்ளைகள் சூட்டுவதுதான்) எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

உடனிருந்து உதவும் முறையில், ஆவியாதல் பாடத்துக்கு முன்பே பாட ஆசிரியரும் மொழி ஆசிரியரும் கலந்து பேசி, 'எவாபரேஷன்', 'கண்டன்சேஷன்' ஆகிய சொற்களைப் படத்துடன் கரும்பலகையில் எழுதிவைத்து, பிள்ளைகள் இருவர் இருவராகத் தாய்மொழியில் பேசிப் பார்த்தபின், 'வென் வாட்டர் இஸ் ஹீட்டட்' என்று தொடங்கும் வாக்கியத்தை ஆங்கிலத்தில் முடிக்கச் செய்யலாம். இதற்கு இருவருக்கும் பொதுவான ஓய்வுப் பாடவேளை தேவை. தலைமையாசிரியர் அதை ஒதுக்காவிட்டால், மொழி ஆசிரியர் கடைசி பெஞ்சுக்கு அருகே வெறுமனே நிற்க நேரும்.

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தரத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் எனப் பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்து, வகுப்பறைக்குள்ளேயே கற்பிக்கிறது. என் சாய்வும் அப்பக்கமே; புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் சில வாரங்கள் தனி வகுப்பு நடத்தலாம், அதுவும் பாடவேளையை விழுங்காமல் காலையில்.