நீல் தீவில் நிம்மதியாக இருக்கப் பேக்கேஜ் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

அந்தமானில் டிசம்பர் கடைசியோடு மழை ஓய்ந்துவிடும். அதன்பிறகு மே மாதம் தென்மேற்குப் பருவமழை வந்து சேரும்வரை வானம் வெளுத்துக் கிடக்கும், கடல் அடங்கியிருக்கும், கப்பல்கள் பெரும்பாலும் நேரத்துக்குப் போகும். தீவுக்குப் போக நினைப்பவர்கள் எல்லாரும் இந்த மாதங்களைத்தான் குறிவைப்பார்கள். அவர்களைக் குறிவைப்பவர்களுக்கும் இதுதான் சீசன். பிப்ரவரியில் எங்கள் குடும்பத்துக்கு நடந்ததை எழுதுகிறேன். எங்களுக்குப் பேக்கேஜ் விற்ற, சென்னையிலிருந்து வேலை செய்யும் ஏஜென்டின் பெயரைப் போடவில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது. பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை. இதே முறையில் தொழில் நடத்துகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதாகப் போர்ட் பிளேரில் இருக்கும் நம்மவர்களே சொன்னார்கள்.

நாங்கள் கேட்டது சின்ன விஷயம். அப்பாவுக்கு முழங்கால் வலி, அம்மாவுக்கு அவசரம் பிடிக்காது. அதனால் நீல் தீவில் ஒரே இடத்தில் நான்கு இரவு, கீழ்த்தளத்தில் அறை, நடந்தே கடற்கரைக்குப் போகும் தூரம். காலையில் கரையில் நடை, மதியம் தூக்கம், சாயங்காலம் மறுபடி கரை. பக்கத்து ஹேவ்லாக் தீவு வேண்டாம், ஸ்கூபா வேண்டாம், ஒரு நாளில் ஏழு இடம் காட்டும் வேலையும் வேண்டாம். இதை வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பினோம்.

"சூப்பர் சார், ரிலாக்ஸ்டா ஒரு பிளான் போட்டுத் தர்றேன். அப்பாவ எங்க அப்பா மாதிரி பாத்துக்குவோம்" என்றார். உடனே அடுத்த வாக்கியம்: "ஆனா சார், ஹேவ்லாக் பாக்காம அந்தமான் போனேன்னு வெளிய சொல்லவே முடியாது." வேண்டாம் என்று மறுபடி சொன்னோம். சரி என்று நீல் மட்டும் போட்டு ஒரு திட்டம் அனுப்பினார். படகு, அறை, வண்டி, காலை உணவு எல்லாம் சேர்த்து நான்கு பேருக்கு ஒரு லட்சத்துக்கு மேல். விமான டிக்கெட் தனி. அதற்கு மேல் ஜிஎஸ்டி 5 சதவீதம் என்று தனியாக வாங்கினார். வந்த பில்லில் ஜிஎஸ்டி எண்ணே கிடையாது. பணம் போனதும் நிறுவனத்தின் கணக்குக்கு அல்ல, ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்கு.

அந்தத் திட்டத்தில் ஒரு வரி எனக்கு அப்போதே உறுத்தியது. "மாலை 6 மணிக்கு லக்ஷ்மண்பூர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம்." அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் நம்முடையது. பிப்ரவரியில் அங்கே 5.30 ஆவதற்குள் சூரியன் இறங்கிவிடும். கேட்டதற்கு, "அது டைப்பிங் மிஸ்டேக் சார்" என்றார். எழுதியவர் தீவை ஒருமுறைகூட பார்த்ததில்லை என்பது என் கணிப்பு.

கப்பல் டிக்கெட் விஷயம்தான் முக்கியம், அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். போர்ட் பிளேரிலிருந்து (2024-லிருந்து அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம், ஆனால் ஆட்டோக்காரரிலிருந்து ஹோட்டல்காரர் வரை எல்லாரும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்) நீலுக்கு விமானம் கிடையாது, சுற்றுலாப் பயணிகளுக்குப் பெரும்பாலும் கடல்வழிதான். அரசுக் கப்பல் பீனிக்ஸ் பே துறையிலிருந்து போகிறது, சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். கட்டணம் மிகக் குறைவு, ஆனால் தீவுவாசிகளுக்குத்தான் முன்னுரிமை. தனியார் வேகக் கப்பல்கள் ஹாடோ துறையிலிருந்து கிளம்புகின்றன, ஒன்றரை மணி நேரத்துக்குள் சேர்த்துவிடும், கட்டணம் பல மடங்கு. எந்தக் கப்பலாக இருந்தாலும் டிக்கெட் உங்கள் பெயரில், உங்கள் அடையாள அட்டையோடு ஒத்துப்போக வேண்டும், அதற்கென்று ஒரு பிஎன்ஆர் எண் இருக்கும். டிக்கெட்டில் ஊர்ப் பெயர் "ஷஹீத் த்வீப்" என்று இருந்தால் குழம்ப வேண்டாம், 2018 டிசம்பரில் நீல் தீவுக்கு வைத்த பெயர் அது. ஹேவ்லாக் "ஸ்வராஜ் த்வீப்".

எங்களுக்கு வந்தது டிக்கெட் அல்ல, "வவுச்சர்". கலர் கலராக ஒரு படம், அதில் கப்பலின் போட்டோ, எங்கள் பெயர்கள், "கன்ஃபர்ம்ட்" என்று பச்சை எழுத்து. பிஎன்ஆர் எங்கே என்று கேட்டால், "பல்க்ல பிளாக் பண்ணி வச்சிருக்கோம் சார், கிளம்புறதுக்கு முந்தின நாள் வந்துடும்." முந்தின நாள் கேட்டபோது, "லேண்ட் ஆனதும் எங்க ஆள் கையிலயே குடுத்துடுவாரு." மீதிப் பணத்தை மட்டும் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவிட்டார்.

விமான நிலையத்தில் பெயர்ப்பலகையோடு நின்ற பையன் நல்லவன், அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் வேலை செய்வது உள்ளூர் ஆபரேட்டர் ஒருவரிடம். சென்னை ஏஜென்ட் ஆள் பிடிப்பார், அங்கே வேலை பார்ப்பது இவர். இடையில் பணம் கைமாற வேண்டும். மாறவில்லை. ஹாடோவுக்குப் போகாமல் வண்டி ஊருக்குள் திரும்பியது. "இன்னிக்கு கடல் ரஃப்பா இருக்கு, ஷிப் கேன்சல், நாளைக்கு மத்தியானம்தான்" என்று சென்னையிலிருந்து போன்.

மழைக்காலமாக இருந்தால் நம்பியிருப்போம். ஜூன், ஜூலையில் அங்கே கப்பல் ரத்தாவது சகஜம். இது பிப்ரவரி, ஹோட்டல் ஜன்னலிலிருந்து பார்த்தால் கடலில் ஒரு மடிப்பு கிடையாது. கீழே வந்து ஒரு ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவர் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், அவருடைய அப்பா காலத்தில் இராமநாதபுரம் பக்கமிருந்து போன குடும்பம். "யாருண்ணே கேன்சல்னு சொன்னது? இப்பதான் நீல் போற ஆளுங்கள எறக்கி விட்டுட்டு வர்றேன்" என்றார். ஹாடோவில் போய்க் கேட்டோம். அன்றைய கப்பல்கள் எல்லாம் போயிருந்தன. எங்கள் பெயரில் அன்றைக்கு ஒரு டிக்கெட்டும் எடுக்கப்பட்டிருக்கவில்லை. மறுநாள் மதியத்துக்குத்தான், அதுவும் அன்று காலையில் எடுத்திருக்கிறார்கள், அந்தக் கப்பலிலேயே மலிவான வகுப்பில். முன்கூட்டி எடுக்காததால் காலைக் கப்பலில் இடம் இல்லை, அதைக் கடலின் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஆக, முதல் இரவு போர்ட் பிளேரில், பஜாருக்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். அப்பா ஒவ்வொரு படியாக ஏறியதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

நீல் போய்ச் சேர்ந்ததும் அடுத்தது. "பீச் ரிசார்ட்" என்று படம் காட்டிய இடத்தில் எங்களுக்கு அறை இல்லை. அங்கே எங்கள் பெயரில் முன்பதிவே வரவில்லை என்று வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கொண்டுபோய் விட்ட இடம் தீவின் உள்ளே, பாக்குத் தோப்புக்கும் காய்கறி வயலுக்கும் நடுவில். அழகான இடம்தான், நீல் அந்தமானுக்கே காய்கறி விளைவிக்கும் தீவு. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்து குடியமர்ந்த வங்காளிக் குடும்பங்களின் வயல்கள் அவை. ஆனால் கடலுக்கு ஒன்றரை கிலோமீட்டர். அப்பாவால் முடியாது, ஒவ்வொரு முறையும் ஆட்டோ. சின்னத் தீவுதானே என்று ஆட்டோக்காரர் குறைத்து வாங்குவார் என நினைக்க வேண்டாம்.

பேக்கேஜில் "நேச்சுரல் பிரிட்ஜ்" இருந்தது. உள்ளூரில் ஹவுரா பிரிட்ஜ் என்பார்கள், கடல் அரித்து உண்டாக்கிய பாறை வளைவு. வற்றத்தின்போது மட்டும்தான் அதன் அடிவரை நடக்க முடியும். கடல் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும், நாளுக்கு நாள் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். அதனால் எந்த நேரம் போவது என்று அன்றன்றைய கணக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியபோது தண்ணீர் பாறைமேல் மோதிக்கொண்டிருந்தது. "டைம் டேபிள்ல இப்பதான் போட்டிருக்கு சார்" என்றான் பையன். அவன் கையில் இருந்தது சென்னையில் அடித்த தாள்.

பரத்பூர் கடற்கரையில் கண்ணாடி அடிப் படகு "இன்க்ளூடட்". அங்கே போனால் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று காசு கேட்டார்கள். இதெல்லாம் சில்லறை.

சில்லறை இல்லாதது திரும்பும் டிக்கெட். நீலில் இறங்கிய மறுநாளே பையன் ஒரு காகிதத்தை நீட்டினான். அடுத்த நாள் காலை ஹேவ்லாக், அங்கிருந்து போர்ட் பிளேர். நாங்கள் வேண்டவே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த அதே ஹேவ்லாக்! சென்னைக்குப் போன் போட்டால், தீவில் சிக்னல் வருவதும் போவதுமாக, மரத்தடி மரத்தடியாக நகர்ந்து பேச வேண்டியிருந்தது. "சார், உங்களுக்காக ஃப்ரீ அப்கிரேட் பண்ணியிருக்கோம்" என்கிறார். பிறகுதான் உள்ளூர் ஆபரேட்டர் வாய்திறந்தார். அவரிடம் வந்து சேர்ந்தது வழக்கமான எல்லாருக்குமான சுற்று, நீலில் ஒரே ஒரு அரைகுறைத் தங்கல். எங்களிடம் விற்ற திட்டம் அவர் கண்ணில் பட்டதே இல்லை. நான்கு இரவுக்குப் பணம் வாங்கிவிட்டு, இரண்டு இரவுக்கு மட்டும் அறை போட்டிருக்கிறார்கள். மிச்சம் எங்கே போனது என்று சொல்லத் தேவையில்லை.

நாங்கள் போகவில்லை. அந்த டிக்கெட்டை விட்டுவிட்டு, சீதாபூர் பக்கம் ஒரு வங்காளிக் குடும்பத்தின் தங்குமிடத்தில் கையிலிருந்த பணத்தைக் கொடுத்துக் கீழ்த்தளத்தில் அறை எடுத்தோம். ஏடிஎம்மை நம்பாமல் அம்மா ரொக்கம் கொண்டுவந்திருந்தது காப்பாற்றியது, அன்று ஜிபே ஓடவே இல்லை. திரும்புவதற்கு மறுபடி டிக்கெட் வாங்கினோம். சீசனில் கடைசி நேரத்தில் கிடைத்தது விலை கூடிய வகுப்புதான். அந்த வீட்டில் சோறும் மீன் குழம்பும் போட்டார்கள், காலையில் கரையில் நாற்காலி போட்டு அப்பாவை உட்கார வைத்தார்கள். கேட்டது இதைத்தான், இதற்கு ஒரு லட்சம் தேவைப்படவில்லை.

இனிப் போகிறவர்களுக்கு. தீவுப் பயணத்தில் கப்பல் டிக்கெட் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் உங்கள் குடுமி. ஹோட்டல் சரியில்லை என்றால் வேறு ஹோட்டல் பார்க்கலாம், கப்பலில் இடம் இல்லை என்றால் நீந்தியா போக முடியும்? அதனால் போகவும் வரவும் பிஎன்ஆரோடு டிக்கெட் வந்த பிறகுதான் மீதிப் பணம். அதைவிட நல்லது, டிக்கெட்டை நீங்களே எடுத்துவிடுவது. தனியார் கப்பல்கள் எல்லாமே இணையத்தில் விற்கின்றன. உங்கள் போன் எண்ணைக் கொடுத்து எடுத்தால், கப்பல் உண்மையிலேயே ரத்தானால் தகவல் உங்களுக்கு வரும், பணமும் உங்களுக்கே திரும்பும். ஏஜென்ட் எண்ணில் எடுத்தால் இரண்டும் அவருக்கு. அறைக்கும் அப்படித்தான்: வவுச்சர் வந்த அன்றே அந்த விடுதிக்கு நேரடியாகப் போன் போட்டு, என் பெயரில் இத்தனை இரவு இருக்கிறதா, பணம் வந்துவிட்டதா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். ஏஜென்ட் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். திட்டத்தில் சூரிய அஸ்தமனம் மாலை 6 மணி என்று போட்டிருந்தால் அங்கேயே புரிந்துகொள்ளலாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு. பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போய்விட்டால் அது இணைய மோசடி, தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும். எங்களுடையதுபோல, பாதி செய்து மீதியை விழுங்கியது சேவைக் குறைபாடு, அதற்கு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், சென்னைக்கோ அந்தமானுக்கோ அலைய வேண்டாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல், ஜிபே ரசீது, வவுச்சர், நாம் தனியாக எடுத்த கப்பல் டிக்கெட், தங்கிய வீட்டில் கைப்பட எழுதிக்கொடுத்த ரசீது, எல்லாவற்றையும் வைத்திருங்கள். போனில் பேசுவதைவிட எழுத்தில் கேட்பது நல்லது. எங்கள் ஏஜென்ட் எழுத்தில் கேட்டால் பதிலே போட மாட்டார், உடனே போனில் கூப்பிடுவார்.

1915-ல் பதிந்த பிறகு அவரிடமிருந்து முதலில் வந்தது அடுத்த பயணத்துக்கு 20 சதவீதத் தள்ளுபடி கூப்பன். அதை வேண்டாம் என்றதும், நீலில் இல்லாத இரண்டு இரவுக்கான தொகையில் பாதியைத் தருகிறேன், அதற்கு முன் கூகுளில் போட்ட ரிவ்யூவை எடுத்துவிடுங்கள் என்றார். எடுக்கவில்லை. பணமும் வரவில்லை. ஆணையத்தில் மனு போட்டாகிவிட்டது.