மருதாணிக் கோனும் வீட்டுத் தயாரிப்பு அழகுப் பொருட்களும்: எதை நம்பி வாங்கலாம்?

மருதாணிக் கோன், குளியல் பொடி, சீயக்காய்ப் பொடி, உதட்டு பாம், கற்றாழை ஜெல் என்று வீட்டில் செய்து சிறு அளவில் விற்கும் பொருட்கள் இப்போது ஏராளம். எல்லா லேபிளிலும் ‘100 சதவீதம் இயற்கை’ என்ற வரி இருக்கும். அதைப் படித்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதில் தண்ணீர் இருக்கிறதா? இருந்தால், கெட்டுப்போகாமல் இருக்க என்ன செய்திருக்கிறார்கள்? இந்த இரண்டுக்கும் நேரான பதில் தருபவரிடம் தயங்காமல் வாங்கலாம்.

அதிக ஏமாற்று நடப்பது மருதாணிக் கோனில். உண்மையான கோனில் நான்கு பொருட்கள்தான் இருக்கும்: இலைப் பொடி, எலுமிச்சைச் சாறு அல்லது தண்ணீர், சர்க்கரை, நறுமண எண்ணெய். ஈரமான இலை விழுது அறை வெப்பத்தில் இரண்டு மூன்று நாட்களுக்குள் நிறம் கொடுக்கும் சக்தியை இழந்துவிடும், பிறகு புளித்த வாடை வரும். ஃப்ரீசரில் மட்டுமே மாதக்கணக்கில் தாங்கும். ஆகவே நல்ல கோன் உறைந்த நிலையில், தயாரித்த தேதியோடு கைக்கு வர வேண்டும். அலமாரியில் மாதக்கணக்கில் தொங்கும் கோனில், ஒரு வருடம் தாங்கும் என்று அச்சடித்த கோனில், மருதாணி மட்டும் இருக்க வழியில்லை.

நிறம் பிடிக்கும் விதமும் ஒரு சாட்சி. இலையில் உள்ள லாசோன் என்ற சாயம் தோலின் மேலடுக்கில் இருக்கும் கெரட்டின் புரதத்தோடு பிணைகிறது. பிணைந்தபின் காற்றுப் பட்டு மெல்ல மெல்லக் கருக்கிறது. அதனால்தான் விழுதை உதிர்த்ததும் வெளிர் ஆரஞ்சாக இருக்கும் கோலம், 24 முதல் 48 மணி நேரத்தில் செம்பழுப்பாக மாறுகிறது. பத்தே நிமிடத்தில் அடர் சிவப்பு வருகிறது என்றால் அந்தச் சிவப்பு மருதாணியுடையது அல்ல. இப்படிப்பட்ட ‘இன்ஸ்டன்ட்’ கோன்களில் சோடியம் பிக்ரமேட் போன்ற செயற்கைச் சாயங்களும் கரைப்பான்களும் கலந்திருப்பது வழக்கம். கோனின் நுனியை வெட்டி முகர்ந்து பாருங்கள். ஈரப் புல், வைக்கோல் மணத்தோடு லாவெண்டரோ டீ ட்ரீயோ சேர்ந்து வந்தால் சரி. மண்ணெண்ணெய், பெயிண்ட், நெயில் பாலிஷ் வாடை வந்தால் அப்போதே குப்பையில் போடுங்கள்.

கறுப்பு மருதாணியைப் பற்றித் தயவுதாட்சண்யம் இல்லாமல் சொல்ல வேண்டும்: தொடவே கூடாது. மருதாணி எந்தக் காலத்திலும் கன்னங்கரேல் என்று பிடிக்காது. அந்தக் கறுப்பைத் தருவது தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் பாரா ஃபெனிலீன்டையமீன், சுருக்கமாக பிபிடி. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, முடிச்சாயமாகத் தலையில் பூசும்போதுகூட அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தோலில் வரைவதற்கு அனுமதியே இல்லை. பாதிப்பு, வரைந்த கோலத்தின் வடிவத்திலேயே கொப்புளமாக எழும்பும், சிலருக்குத் தழும்பாக நின்றுவிடும். இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. முதல் முறை ஒன்றுமே ஆகாமல் போகலாம். ஆனால் உடல் அந்த வேதிப்பொருளை எதிரியாகப் பதிவு செய்துகொள்ளலாம். அப்படிப் பதிவாகிவிட்டால், பிறகு எப்போதாவது முடிக்குச் சாயம் பூசும்போது முகமே வீங்கலாம். சில உணர்விழப்பு மருந்துகளும் துணிச் சாயங்களும்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ‘போன தடவை போட்டேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பது இதில் செல்லாத வாதம். கருநீலக் கோலம்தான் வேண்டும் என்பவர்கள், ஜெனிபா மரத்தின் காயிலிருந்து எடுக்கும் ஜாகுவா சாற்றைக் கேட்டு வாங்கலாம். அதுவும் சிலருக்கு ஒவ்வாது என்பதால் முன்சோதனை அவசியம்.

நல்ல கோன் வாங்குவதைவிட நல்ல பொடி வாங்கி வீட்டில் கலப்பதையே பரிந்துரைப்பேன். பொடியில் தண்ணீர் இல்லாததால் காற்றுப் புகாமல், வெளிச்சம் படாமல் வைத்தால் நெடுநாள் தாங்கும். ராஜஸ்தானின் சோஜத் பகுதிப் பொடிக்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் ஊர்ப் பெயர் மட்டும் போதாது, எந்தப் பருவத்து அறுவடை என்றும் கேளுங்கள். கோலம் போடும் பொடி வேறு, தலைக்குப் பூசும் பொடி வேறு. தலைக்கானதில் நரம்பும் காம்பும் மணலும் இருக்கும், கோன் நுனியில் அடைத்துக்கொள்ளும். கோலத்துக்கானது வஸ்திரகாயம் செய்ததுபோல், அதாவது துணியில் சலித்ததுபோல், மைய இருக்க வேண்டும், விரலில் தேய்த்தால் நெருடக் கூடாது. நிறம் மங்கிய பச்சையாக இருந்தால் நல்லது. பளிச்சென்ற பச்சை என்றால் நிறமூட்டி கலந்திருக்கலாம், பழுப்பு என்றால் பழைய சரக்கு.

அளவு இதுதான். பொடி 100 கிராம், சர்க்கரை 25 முதல் 30 கிராம், நறுமண எண்ணெய் 30 மி.லி., எலுமிச்சைச் சாறோ தண்ணீரோ ஏறத்தாழ 250 முதல் 300 மி.லி. சாற்றை ஒரேயடியாக ஊற்றக் கூடாது. முதலில் 200 மி.லி. விட்டு, கட்டி தட்டாமல் பிசைந்து, எண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து, கெட்டியான மாவுப் பதத்தில் நிறுத்துங்கள். மேற்பரப்பில் பிளாஸ்டிக் தாளை ஒட்டினாற்போல் மூடி 25 முதல் 30 டிகிரி செல்சியஸில் வைத்தால் 8 முதல் 12 மணி நேரத்தில் சாயம் வெளியேறும். குளிரான அறையில் ஒரு நாள்கூட ஆகலாம். மேற்பரப்பு பழுப்பாகி உள்ளே பச்சையாக இருப்பது தயாராகிவிட்டதற்கு அடையாளம். உறுதி செய்ய, ஒரு துளியை உள்ளங்கையில் ஐந்து நிமிடம் வைத்துத் துடையுங்கள். தெளிவான ஆரஞ்சு தெரிய வேண்டும். அதன்பின் மீதிச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கரண்டியிலிருந்து அறுபடாத இழையாக ஒழுகும் பதத்துக்குக் கொண்டுவந்து, நைலான் துணியில் பிழிந்து கோனில் நிரப்ப வேண்டும்.

நறுமண எண்ணெய் வாசனைக்காக மட்டும் அல்ல. லாவெண்டர், டீ ட்ரீ, கஜுபுட் போன்றவற்றில் உள்ள டெர்பீன் ஆல்கஹால்கள்தான் நிறத்தை அழுத்தமாக்குகின்றன. மலிவான ‘வாசனை எண்ணெய்’ இதற்கு உதவாது, தோலையும் எரிக்கும். கிராம்பு எண்ணெய் பலருக்கு எரிச்சல் தரும், கோனில் சேர்க்காமல் இருப்பதே மேல். சிறுவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் யூகலிப்டஸ், டீ ட்ரீ வகைகளைத் தவிர்த்து லாவெண்டர் மட்டும் சேர்த்த கோனோ, எண்ணெயே சேர்க்காத கோனோ கேளுங்கள். கைக்குழந்தைகளுக்கு மருதாணியே வேண்டாம். பிறவியிலேயே வரும் ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு உள்ளவர்களுக்கு லாசோன் தோல் வழியாகச் சென்று ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடும்.

கோலம் சரியாக வராததற்குக் காரணம் பெரும்பாலும் பதத்திலேயே இருக்கும். கோடு பரவுகிறதா, சாறு அதிகம். காய்ந்ததும் வெடித்துப் பொலபொலவென உதிர்கிறதா, சர்க்கரை போதவில்லை. காயாமல் பிசுபிசுக்கிறதா, சர்க்கரை மிஞ்சிவிட்டது அல்லது காற்றில் ஈரம் அதிகம். இழை நடுவில் அறுந்து அறுந்து வருகிறதா, பொடியைச் சலித்தது போதாது. பதமெல்லாம் சரியாக இருந்தும் நிறம் வெளிறினால் தோலைப் பாருங்கள். லோஷனோ சன்ஸ்கிரீனோ பூசிய கையில் சாயம் இறங்காது, சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே தொடங்க வேண்டும். தோலின் தடிமனும் முக்கியம். உள்ளங்கையிலும் பாதத்திலும் மேலடுக்கு தடிமன் என்பதால் நன்றாகச் சிவக்கும். மேல் கையிலும் தோளிலும் அதே கோன் வெளிர் பழுப்போடு நின்றுவிடும். இதற்குக் கோனைக் குறை சொல்வது நியாயமில்லை.

வரைந்த பிறகு குறைந்தது 6 மணி நேரம், முடிந்தால் இரவு முழுதும் விழுது இருக்க வேண்டும். எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்த நீரைப் பஞ்சில் லேசாக ஒற்றினால் உதிராது. சொட்டச் சொட்ட ஒற்றினால் சாயம் கோட்டை விட்டு வழியும். எடுக்கும்போது கழுவாதீர்கள், சுரண்டி உதிர்த்துவிட்டு எண்ணெய் தடவுங்கள். முதல் 24 மணி நேரம் தண்ணீரில் படாமல் இருந்தால் நிறத்தில் தெரியும் வித்தியாசம், எந்த விலையுயர்ந்த பொடி தரும் வித்தியாசத்தையும்விடப் பெரிது. நீச்சல் குள குளோரின்தான் கோலத்துக்கு முதல் எதிரி.

வரைந்துகொடுக்கும் கலைஞரை எடைபோட அவருடைய படத் தொகுப்பு மட்டும் போதாது. புகைப்படங்களில் பெரும்பாலும் விழுதுதான் அழகாகத் தெரியும். இரண்டு நாள் கழித்து எடுத்த நிறத்தின் படம் இருக்கிறதா என்று கேளுங்கள். விழுதை எப்போது கலந்தார், என்னென்ன சேர்த்தார் என்பதைத் தயங்காமல் சொல்கிறாரா, தோல் ஒவ்வாமை பற்றி அவராகவே கேட்கிறாரா என்று கவனியுங்கள். ‘அரை மணியில் கழுவிவிடலாம்’ என்பவரிடம் கையை நீட்டாதீர்கள்.

இனி பொடிகள். தண்ணீர் இல்லாத இந்த வகையில்தான் வீட்டுத் தயாரிப்பு கடைச் சரக்கை அநாயாசமாக வெல்கிறது. பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ் சேர்த்து அரைத்த குளியல் பொடி, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், சோப்பைப் போல் தோலை இழுத்துப் பிடிக்காது. குறை சொல்ல வேண்டியது அரைப்பில். வெட்டிவேர் எளிதில் மசியாது. துணியில் சலிக்காத பொடி முகத்தைக் கீறும். கஸ்தூரி மஞ்சள் தோலில் கறை வைக்காது, முகம் மஞ்சளாகத் தங்கினால் உள்ளே இருப்பது சாதாரண மஞ்சள். கார்போகரிசி சேர்த்த பொடியைப் பகலில் பூசிக்கொண்டு வெளியே போகாதீர்கள். அதிலுள்ள சோராலென் வெயில் பட்டால் தோலைச் சுடும், கறுப்புத் திட்டு மாதக்கணக்கில் நிற்கும். முகத்தில் நேரடியாக எலுமிச்சைச் சாறு தேய்ப்பதாலும் இதே விளைவு வரலாம். பொடியை ஒரு வேளைக்கு மட்டும் குழைத்து, மிஞ்சியதை எறிந்துவிட வேண்டும். ஈரக் கரண்டியை டப்பாவுக்குள் விட்டால் ஒரு வாரத்தில் பூஞ்சை வரும்.

சீயக்காய்ப் பொடியும் நல்ல வாங்கல்தான். அதில் நுரை தரும் சப்போனின் என்ற பொருள், உப்புத் தண்ணீரில் சோப்பு விடுவதுபோல் வெள்ளைப் படிவை விடாது. பொடியை அப்படியே தேய்த்தால் முடியிடுக்கில் தங்கிவிடும் என்பதால், இரண்டு மேசைக்கரண்டிப் பொடியை 250 மி.லி. தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டிய சாறே உத்தமம். பூந்திக்கொட்டை சேர்த்தால் நுரை கூடும், கண் எரிச்சலும் கூடும்.

உதட்டு பாம் விஷயத்தில் எடைக் கணக்கில் தேன்மெழுகு ஒரு பங்கு, ஷியா வெண்ணெய் ஒரு பங்கு, எண்ணெய் மூன்று பங்கு என்பது டப்பாவுக்கு ஏற்ற மென்மையான கலவை. குச்சி வடிவத்துக்கு எண்ணெயை இரண்டு பங்காகக் குறைக்க வேண்டும். நறநறவென மணல்போல் இருந்தால் ஷியா மெதுவாக ஆறியிருக்கிறது என்று பொருள். ஊற்றியதும் ஃப்ரிட்ஜில் வைத்து வேகமாக ஆறவைத்தால் வராது. கெடுதல் இல்லை, ஆனால் காசு கொடுத்து வாங்கியதில் அது இருக்கக் கூடாது. பீட்ரூட் பொடியும் தேனும் மெழுகில் கரையாமல் அடியில் தங்கும், அவற்றைப் பெருமையாக எழுதும் லேபிளை நான் நம்புவதில்லை. எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை வந்த பாமை உதட்டில் வைக்காதீர்கள்.

சோப்பிலும் செய்முறையில் தண்ணீர் உண்டு. ஆனால் காரத்தன்மையைக் காட்டும் அதன் பிஎச் 9, 10 என்ற அளவில் இருப்பதால் கிருமி வளராது. நான்கு முதல் ஆறு வாரம் காயவைத்ததா என்று கேட்டால் போதும்.

கற்றாழை ஜெல்லும் வீட்டு க்ரீமும் கையால் செய்து விற்கப்படும்போது என் மதிப்பெண் மிகக் குறைவு. முழுக்கத் தண்ணீர், முழுக்கச் சத்து, கிருமிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ‘வைட்டமின் ஈ கேப்ஸ்யூல் சேர்த்திருக்கிறோம், கெடாது’ என்பார்கள். வைட்டமின் ஈ, எண்ணெய் சிக்கு விழுவதைத்தான் தாமதப்படுத்தும், பாக்டீரியாவையும் பூஞ்சையையும் ஒன்றும் செய்யாது. கெடுவது எப்போதும் கண்ணுக்கும் தெரியாது. நிறமும் மணமும் மாறாத க்ரீமிலேயே கிருமி பெருகியிருக்கலாம். லேபிளில் ஃபீனாக்ஸிஎத்தனால் போன்ற பதப்பொருளைப் பார்த்து ஒதுங்க வேண்டாம், 1 சதவீதத்துக்குள் சேர்த்தவர் தொழில் தெரிந்தவர். எதுவுமே சேர்க்கவில்லை, ஆறு மாதம் வரும் என்பவரிடம்தான் ஒதுங்க வேண்டும். கற்றாழை பிடிக்கும் என்றால் மடலையே வாங்குங்கள். வெட்டிய பக்கம் கீழாக 15 நிமிடம் நிறுத்தி, அரிப்புத் தரும் மஞ்சள் பாலை வடியவிட்டு, தோல் சீவி, உள்ளே உள்ள சோற்றைக் கழுவிப் பூசுங்கள். மீதியை ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ஓரிரு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.